ஹாஸ்டல் அலமாரிக்கு வாங்கிய பூட்டு

என் இரும்புப் பெட்டியில் ஒரு பூட்டு தொங்குகிறது. இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். பித்தளைப் பூட்டு. மேலே வளைந்திருக்கும் கம்பி வாங்கிய புதிதில் வெள்ளையாக மின்னும்; இப்போது கறுத்துவிட்டது. சாவி இரண்டு. ஒன்று என் சுருக்குப் பையில், இன்னொன்று என் மகளின் சாவிக்கொத்தில். பூட்டி வைக்கும்படி பெட்டிக்குள் பெரிதாக ஒன்றும் கிடையாது. பழைய சேலைகள், பிறப்புப் பத்திரங்கள், என் வீட்டுக்காரருடைய ஒரு சட்டை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பூட்டு பெட்டிக்காக வாங்கியதல்ல. அரசாங்கத் தொழிற்கல்லூரி ஹாஸ்டலில் பிள்ளைகள் துணிமணி வைக்கிற அலமாரிக்காக வாங்கியது. அந்த அலமாரியில் அது ஒரு நாள்கூடத் தொங்கவில்லை. அதைத் தொடும்போதெல்லாம் எனக்கு மூத்தார் ஞாபகம் வரும். அன்போடு வருகிற ஞாபகம் இல்லை.

மூத்தார் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன். தம்பின் டவுன் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் கோயில் தலைவர் அவர்தான். நல்லது கெட்டது எல்லாம் அவர் வாயிலிருந்து வந்தால்தான் நடக்கும். எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தம்பி பெண்டாட்டி மூத்தாருக்கு எதிரே உட்காரக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது. நான் கல்யாணமாகி வந்த அன்றே மாமியார் சொல்லிக் கொடுத்தது அதுதான். அவர் வீட்டுக்கு வந்தால் நான் சமையல்கட்டுத் திரைக்குப் பின்னால் நிற்பேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் வீட்டுக்காரர் மூலமாகச் சொல்ல வேண்டும். அவர் இல்லையென்றால் பிள்ளை மூலமாக. "பாப்பா, பெரியப்பாவப் பசியாற வரச் சொல்லு" என்பேன். அவர் நான்கடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருப்பார், என் குரல் அவருக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் என் மகள் திரும்பி, "பெரியப்பா, அம்மா பசியாற வரச் சொன்னாங்க" என்று சொன்ன பிறகுதான் அவர் எழுந்து வருவார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளுக்கு இது ஒரு விளையாட்டு. "அம்மா கறியில உப்பு போதுமான்னு கேக்கிறாங்க, பெரியப்பா போதும்னு சொல்றாங்கம்மா" என்று இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிவிட்டுச் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன். எனக்கு இயல்பிலேயே நாலு பேர் முன்னால் வாய் வராது. அந்த வழக்கம் எனக்குச் சௌகரியமாகவே இருந்தது என்று சொன்னால் அதுவும் உண்மைதான்.

என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே கரண்டு என்றால் உயிர். அப்போது எங்கள் லயத்து வீடுகளில் ஜெனரேட்டர் ஓடுகிற நேரத்துக்குத்தான் விளக்கு. அதை ஓட்டுகிறவர் எஞ்சினைத் திறந்தால் இவள் பக்கத்தில் போய்க் குந்திக்கொள்வாள். பன்னிரண்டு வயதில் எங்கள் வீட்டு ரேடியோவைக் கழற்றி மறுபடியும் பூட்டினாள், பாடியது. கோயில் திருவிழாவில் பாதி வரிசை சீரியல் பல்பு எரியாமல் போனபோது பெரிய ஆட்கள் பல்பு பல்பாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். இவள் எங்கே அறுந்திருக்கிறது என்று கையை வைத்துக் காட்டினாள். பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் முடித்ததும் அவளாகவே பாரம் வாங்கிப் பூர்த்தி செய்து தொழிற்கல்லூரிக்கு அனுப்பினாள். மின்சாரப் படிப்பு. தோட்ட ஆபீசுக்குக் கடிதம் வந்த அன்று என் வீட்டுக்காரர் ரப்பர் பால் ஸ்டோர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கடிதத்தோடு வீட்டுக்கு நடந்து வந்தார். "இனிமே கரண்டு போச்சுன்னா ஆபீசுக் கிராணியே நம்ம வீட்டு வாசல்லதான் வந்து நிக்கணும்" என்றார். அதைப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னார்.

கடிதத்தோடு கொண்டு வர வேண்டிய சாமான்கள் பட்டியல் ஒன்று இருந்தது. வாளி, வெள்ளைப் படுக்கை விரிப்பு, தலையணை உறை, கறுப்புச் சப்பாத்து, ஹேங்கர், பூட்டு. அவர் அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தம்பினுக்குப் போகும்போதெல்லாம் ஒவ்வொன்றாக வாங்கி வந்தார். வாங்கியதைப் பென்சிலால் அடித்துவிடுவார். கடைசியாக அடித்தது பூட்டு. கடைக்காரன் காட்டிய நாலைந்து பூட்டையும் பூட்டித் திறந்து பார்த்துத்தான் இதை எடுத்தாராம். "பாத்தியா, சத்தம் எப்படி இருக்கு" என்று என் காதோரம் கொண்டு வந்து பூட்டிக் காட்டினார். அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட இருக்கவில்லை. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான்.

சாவு வீட்டு வேலையெல்லாம் மூத்தார்தான் பார்த்தார். அதில் குறை சொல்ல மாட்டேன். தம்பிக்காக அவர் அழுததையும் நான் பார்த்தேன். ஆனால் கல்லூரியில் போய்ப் பதிய வேண்டிய நாள் ஒன்பதாம் நாளில் வந்து விழுந்தது. ஏழாம் நாள் காலையில் மகள் கடிதத்தை எடுத்து வந்து பெரியப்பாவிடம் கொடுத்தாள். அவர் நாற்காலியில், மற்ற ஆண்கள் பாயில். நான் திரைக்குப் பின்னால். மூத்தாருடைய மகன் கடிதத்தை வாசித்துச் சொன்னான். அவர் கேட்டுவிட்டு, "அப்பன் செத்த ஈரம் இன்னும் காயல. கருமாதி முடியாம வயசுப் பொண்ணு வாளியத் தூக்கிக்கிட்டு வாசப்படி தாண்டினா பாக்கிறவன் என்ன பேசுவான்? முடியட்டும், போகலாம்" என்றார்.

"தேதி போட்டிருக்கு பெரியப்பா" என்றாள் மகள்.

"தேதி போட்டா? ஒரு வாரம் பிந்திப் போனா கவர்மென்டு பள்ளிக்கூடம் ஓடியாலா போயிடும்?" என்றார். பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் லேசாகச் சிரித்தார்கள். சாவு வீட்டில் இப்படி ஒரு சிரிப்பு வரும், எல்லாருக்கும் தெரியும்.

அப்போது என் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். திரையில் ஒரு பக்கம் விலகியிருந்தது, அந்த வழியாகப் பார்த்தாள். இத்தனை வருஷமாக என் பேச்சைத் தூக்கிக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தவள் அவள்தான். அம்மா ஒரு வார்த்தை கொடுத்தால் போதும், "அம்மா போகணும்னு சொல்றாங்க" என்று திரும்பிச் சொல்லிவிடுவாள். அதற்காகத்தான் நின்றாள். எனக்கோ, அவளுக்காக அவள் வாயாலேயே எப்படிக் கேட்பது என்று ஓடியது. என்னுடைய ஆள் ஏழு நாளுக்கு முன்னால் போய்விட்டார். இனி இந்த மனிதர் நிழலில்தான் இருக்க வேண்டும் என்றும் ஓடியது. நான் குனிந்து வெங்காயத்தை எடுத்தேன். தலை நிமிர்ந்தபோது அவள் கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

பதினோராம் நாள் மூத்தாருடைய மகன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு லைசென்ஸ் டெஸ்டுக்குப் போனான். செத்தது அவனுக்குச் சித்தப்பா. எங்களுக்கு இருந்த தீட்டு அவனுக்கும் இருந்தது. போகும்போது யாரோ கேட்டதற்கு மூத்தார், "அது கவர்மென்டு தேதிலா, விட்டா மறுபடி எப்பக் கிடைக்குமோ" என்றார். இதை நான் திரைக்குப் பின்னால் நின்று கேட்கவில்லை. குழாயடியில் வாளி நிரம்பிக்கொண்டிருந்தது, ஐந்து வீட்டுப் பெண்கள் நின்றுகொண்டிருந்தோம், எல்லாரும் கேட்டோம். ஒருத்தி என்னைப் பார்த்தாள். நான் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பையன் பாஸாகி வந்தான். கருமாதிக்குச் சாமான் வாங்க வண்டியை அவன்தான் ஓட்டினான்.

பதினேழாம் நாள் நானும் மகளும் இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்குப் போனோம். நீல வாளிக்குள் விரிப்பு, ஹேங்கர், அதற்கு மேலே பூட்டு. வாசலில் காவலுக்கு இருந்த ஜாகா எங்கள் வாளியைப் பார்த்ததுமே வழி காட்டினார். ஆபீசில் இருந்த மலாய்ப் பெண் மகளுடைய பெயரை ஒரு தாளில் தேடினாள். பெயருக்கு மேல் சிவப்பில் கோடு இருந்தது. இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்தாகிவிட்டது என்றாள். மகள் காரணத்தைச் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் மாறிப்போனது. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மக்சிக்" என்று அத்தையைப் போலக் கூப்பிட்டு, "அப்பா இறந்துவிட்டார் என்று ஒரு போன் செய்திருந்தால் போதுமே, எடுத்து வைத்திருப்போமே" என்று மலாயில் சொன்னாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் அன்றே மறந்திருப்பேன். ஒரு போன். தோட்ட ஆபீசில் போன் இருந்தது. கிராணியிடம் போய், "ஐயா, ஒரு போன் பண்ணிக் குடுங்க" என்று கேட்க எனக்குத் தெரியாதா? அது ஆம்பளைங்க பார்க்க வேண்டிய வேலை என்று இருந்துவிட்டேன். ஆம்பளைங்க யாரும் பார்க்கவில்லை. அவர்கள் கருமாதிக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்து தம்பினில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மகள், "பூட்டு புதுசாவேதாம்மா இருக்கு. பெட்டிக்குப் போட்டுக்கலாம்" என்றாள். மறு வருஷம் மறுபடியும் பாரம் போட்டாள், இடம் கிடைக்கவில்லை. அதற்குள் சிரம்பான் பக்கத்துத் தொழிற்பேட்டையிலிருந்து தோட்டத்துக்கே கம்பெனி பஸ் வர ஆரம்பித்திருந்தது, அவள் ஏறிவிட்டாள். மூத்தார்தான் சொல்லி ஏற்பாடு செய்தார், அதற்கும் நான் நன்றியாக இருக்க வேண்டியிருந்தது.

இன்னும் அவள் அந்த மாதிரி ஒரு கம்பெனியில்தான் இருக்கிறாள். ஆபரேட்டர். மெஷின் நின்றுவிட்டால் அவள் செய்ய வேண்டியது ஒரு பொத்தானை அமுக்குவது. மேலே சிவப்பு விளக்கு எரியும். டெக்னிஷியன் வரும் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எங்கே கோளாறு என்று அவளுக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் மூடியைத் திறக்க சர்டிபிகேட் வேண்டும். வருகிற பையன்கள் பலர் அந்தக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர்கள். நல்ல பிள்ளைகள்தான். "அக்கா, எங்கன்னு நீங்களே சொல்லிடுங்க, நான் தொறந்து மட்டும் விடுறேன்" என்பார்களாம். அவள் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

தோட்டம் விற்றுப்போய் நாங்கள் டவுனுக்கு வந்த பிறகு எனக்குச் சுத்தம் செய்கிற கம்பெனியில் வேலை கிடைத்தது. வேனில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்ட இடம் அதே கல்லூரி. வேண்டாம் என்று சொல்ல என்னால் எப்போது முடிந்திருக்கிறது? இரண்டு வளாகத்திலும் வேலை செய்தேன். சாலையோரப் பழைய வளாகத்தில் வெல்டிங், வண்டி ரிப்பேர், ரூமைக் குளிராக்குகிற ஏர்கோன், மின்சாரம். மேட்டின் மேல் கட்டிய புது வளாகத்தில் தையல், கேக், ஹோட்டல் சமையல். முதல் நாள் பெண்பிள்ளைகள் ஹாஸ்டலைக் கூட்டச் சொன்னார்கள். உள்ளே நுழைந்தால் வரிசையாக இரும்பு அலமாரி, ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு. துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கூட வந்தவள், "என்னக்கா, தலை சுத்துதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மின்சாரப் பட்டறையைக் கூட்டுவது பிறகு என் பங்கானது. சுவரோரமாக மரப்பலகைகள், பலகைக்கு ஒரு பிள்ளை. வயர் இழுத்து, சுவிட்சு வைத்து, பல்பு எரிய வேண்டும். கீழே வெட்டிப் போட்ட வயர் துண்டுகள் சிவப்பும் கறுப்பும் பச்சையுமாகக் கிடக்கும். மற்ற இடங்களைவிட அங்கே நான் மெதுவாகக் கூட்டுவேன். நம் தமிழ்ப் பிள்ளைகளும் வந்து படித்தார்கள். ஒருவன் பலகை மேலேயே தலையை வைத்துத் தூங்குவான். "வேற எங்கயும் எடுக்கல ஆன்ட்டி, அதான் இங்க தள்ளி விட்டுட்டாங்க" என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் துடைப்பக் கட்டையாலேயே ஒன்று வைத்திருக்க வேண்டும். "சரிப்பா, காலத் தூக்கு" என்று மட்டும் சொன்னேன். போர்டிக்சன் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள், நீலக் கோட்டு முழங்கால் வரைக்கும் தொங்கும். பல்பு எரிந்த அன்று பட்டறையில் வேறு யாரும் இல்லை, என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "பாருங்க ஆன்ட்டி, ரெண்டு பக்கத்துலேர்ந்தும் அணைக்கலாம்." அவள் அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டினாள். நல்லா இருக்கு என்றேன். இந்தக் கல்லூரியில் என் மகளுக்கும் ஒரு இடம் இருந்தது என்று அங்கே யாரிடமும் நான் சொன்னதில்லை. பதிகிற நாட்களில் வாளியும் தலையணையுமாக வந்து இறங்குவார்கள். பிந்தி வருகிறவர்களும் உண்டு. முன்னாலேயே சொல்லியிருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். அதையும் என் கண்ணால் பார்த்தேன்.

சில மாதங்களுக்கு முன்னால் மூத்தாருடைய பெண்டாட்டி தவறிப்போனார். பாரோயில் மகன் வீட்டில்தான் அவர்கள் இருந்தார்கள். அந்த மகன்தான், லைசென்ஸ் எடுத்தவன். அவனுடைய மகளுக்கு அதே தொழிற்கல்லூரியில் ஏர்கோன் படிப்பு கிடைத்திருந்தது. பதிய வேண்டிய நாள் சாவுக்கு ஆறாம் நாள். மூன்றாம் நாள் காலையில் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஹாலில் இருந்தார்கள். போவதா வேண்டாமா என்று மகன் கேட்டான். மூத்தார் சாய்வு நாற்காலியில் இருந்தார். கண் பார்வை மங்கிவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"போகட்டும். படிப்புக்கெல்லாம் தீட்டு பாக்கக் கூடாது. காலம் மாறிப்போச்சு, நாமதான் அனுசரிச்சுப் போகணும்" என்றார்.

"பெரியவர் எப்பவுமே அப்படித்தான், புள்ளைங்க படிப்புன்னா குறுக்க நிக்க மாட்டாரு" என்றார் ஒருவர்.

நான் சமையல்கட்டு வாசலில் காலைப் பலகாரத் தட்டுகளோடு நின்றிருந்தேன். அந்த வீட்டில் திரை கிடையாது. தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு ஹாலுக்குள் போனேன். அவரைக் கூப்பிட எனக்கு ஒரு சொல்கூட இருந்ததில்லை, அதனால் கூப்பிடாமலே கேட்டேன். "என் மகளுக்கும் அதே காலேஜுதான். ஒன்பதாம் நாளு. அவள ஏன் விடல?"

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். நான் வேறு யாரிடமோ பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். நான்கடி தூரத்தில் நின்று, "உங்களத்தான் கேக்கிறேன்" என்றேன். என் சத்தம் நடுங்கவில்லை. அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார். பிறகு மெதுவாக, கோபமே இல்லாமல் சொன்னார்: "அப்ப நீ ஒரு வார்த்த சொல்லலயேம்மா."

போய்த் தட்டுகளை எடுத்துக்கொண்டேன். இன்றைக்கு வரைக்கும் அந்த வார்த்தைதான் என்னை அறுக்கிறது. அவர் சொன்னது பொய்யில்லை. நான் சொல்லவில்லைதான். ஆனால் சொல்லாமல் இருக்கிறவள்தான் நல்ல மருமகள் என்று அந்தக் குடும்பம் என்னை முப்பது வருஷம் மெச்சியது, அவர் உட்பட. வாயைக் கட்டி வைத்தவர்களே கடைசியில் ஏன் பேசவில்லை என்று கேட்கிறார்கள். கட்டிக்கொள்ள நானும்தான் கழுத்தை நீட்டினேன். அவர் மேல் இருக்கிற கோபத்துக்குக் கொஞ்சமும் குறையாமல் என் மேலும் இருக்கிறது. வயதாகிவிட்டது, கண் தெரியவில்லை, பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர், மன்னித்துவிடு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அவர் எதையும் கேட்கவில்லையே, நான் எதை மன்னிப்பது?

மூத்தாருடைய பேத்தி சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். சாவு வேலையில் பாதி வாங்கவில்லை. "சின்னப் பாட்டி, உங்ககிட்ட சின்னப் பூட்டு ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டாள். அவள் நல்ல பிள்ளை, அவள் மேல் எனக்கு ஒன்றுமில்லை. இருந்தது, ஆனால் இல்லை என்றேன். கீழே கடைவரிசையில் இரும்புக் கடைக்கு நடந்து போய், நாலைந்தைப் பூட்டித் திறந்து பார்த்து, ஒரு புதுப் பூட்டு வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தேன். ஆறாம் நாள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இந்நேரம் அது அவள் அலமாரியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

அன்று ஷிப்ட் முடிந்து வந்த மகளிடம் நடந்ததைச் சொன்னேன். "அவர்கிட்டயா? நேராவா?" என்றாள். ஆமாம் என்றேன். மறுபடியும், "நேராவே பேசினியா?" என்றாள். பிறகு சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அன்னிக்கு நான் உன் மூஞ்சியத்தாம்மா பாத்துக்கிட்டு இருந்தேன்."

தெரியும் என்றேன்.

அவள் எழுந்து பெட்டியிடம் போனாள். பூட்டு கொஞ்ச நாளாகச் சிக்கிக்கொண்டிருந்தது, தையல் மெஷின் எண்ணெயை எடுத்து வந்து இரண்டு சொட்டு விட்டாள். தன் சாவியைப் போட்டுத் திருப்பினாள், திறந்தது. அமுக்கினாள், மூடிக்கொண்டது. அவர் என் காதோரம் வைத்துக் காட்டிய அதே சத்தம். மறுநாள் காலையில் அவள் வேலைக்குப் போனாள். அங்கே மெஷின் நின்றால் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள்.